ஆறு நெளிந்த இடம்

மற்றவர்களுக்கு அது ஓடை. அப்பத்தாவுக்கு ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் பத்துப் பதினைந்து நாள் செந்தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான். ஆனாலும் அப்பத்தா ஒருநாளும் அதை ஓடை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஆத்துக்குப் போயி ஒரு குடம் ஊத்துத் தண்ணி கொண்டாங்கடா" என்பார்.

காரைக்குடிக்கு மேற்கே செம்புறாங்கல் மேட்டில் பெய்யும் மழை, ஒரு கண்மாயின் மறுகாலோடு சேர்ந்து எங்கள் ஊர்ப்பக்கம் இறங்கும். ஊருக்குத் தெற்கே அதற்கு மூன்று முடக்கு: புளியமரத்து முடக்கு, கசத்து முடக்கு, ஊத்து முடக்கு. அறுபதுகளில் எங்கள் பள்ளி விடுமுறை முழுவதும் இந்த மூன்றுக்குள்தான் கழிந்தது. முடக்கின் வெளிக்கரையில் தண்ணீர் மோதி மோதிக் குடைந்து ஆளை விழுங்கும் கசம் ஆகியிருக்கும். அங்கே சிறுவர்கள் போகக்கூடாது. எதிரே உட்கரையில் தண்ணீர் வேகம் இழந்து, கொண்டுவந்த மணலைப் போட்டுவிட்டுப் போகும். அந்த மணலைச் சித்திரையிலும் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் கசியும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் விடுவார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும். அதற்குள் ஊர்க்கதை முழுவதும் பேசி முடிந்திருக்கும்.

ஆறு ஏன் நேராகப் போகாமல் இப்படிச் சுற்றுகிறது என்று அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "நேராப் போனா நம்மள எங்கடா திரும்பிப் பாக்கப் போகுது?" என்றார். பாட்டிமார் ஏதோ சொல்வார்கள் என்று அன்று விட்டுவிட்டேன்.

முடக்குகளின் இருபுறமும் படுகை. ஆறு பெருகினால் தண்ணீர் அங்கே ஏறிப் பரவி நிற்கும். இரண்டு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். வடிந்தபின் அந்த வண்டலில் எள்ளும் உளுந்தும் போடுவார்கள், வெள்ளரிக்கொடி படரும். மார்கழிக்குப் பிறகு கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். படுகையில் வீடு கட்ட யாருக்கும் தோன்றியதில்லை. வீடுகள் எல்லாம் மேட்டில். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது பிழைத்து வந்தவர்கள் நாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அச்சம் வீட்டின் உயர்ந்த தளத்தில் இருந்தது. தண்ணீரின் அருமை வீட்டு அமைப்பில் இருந்தது: வளவில் விழும் மழை அண்டாவுக்கு, தெருவில் ஓடும் மழை ஊரணிக்கு. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த ஊரணிகளுக்கும் கிணறுகளுக்கும் அடியில் இருந்து ஊட்டியது படுகை மணல். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

1983-ல் சிங்கப்பூர் போனேன். ஐயா அங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித்தொழில் கிட்டங்கியில் இருந்தவர். எனக்கு ஒரு கணக்கர் வேலை. அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு கிடைத்தது. வீட்டுக்கு எதிரே காலாங் ஆறு. சிங்கப்பூரின் நீளமான ஆறு அதுதான், 10 கிலோமீட்டர். ஆனால் நான் பார்த்தது ஆற்றை அல்ல. கோடு கிழித்தாற்போல நேராகப் போகும் கான்கிரீட் கால்வாயை. வெள்ளத்தை வேகமாகக் கடலுக்கு அனுப்ப ஆற்றை அப்படிக் கட்டியிருந்தார்கள். வெயில் நாளில் அடியில் ஒரு விரல் தண்ணீர். மழை பெய்தால் பத்து நிமிடத்தில் சுவரளவு சீறும். இரண்டு பக்கமும் வேலி, அருகே போகாதே என்று பலகை. 1988-ல் பக்கத்திலேயே பீஷான் பூங்கா வந்தது. அப்போதும் பூங்கா வேறு, கால்வாய் வேறாகத்தான் இருந்தன. அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வளர்ந்த நாடு என்றால் இதுதான் என்று நம்பினேன்.

1996-ல் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, ஓடையை நேராக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் தேங்குகிறது, கொசு வருகிறது, பாதை போட இடம் வேண்டும், நேராக வெட்டினால் வெள்ளம் சீக்கிரம் வடியும் என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் என்னையும் கேட்டார்கள். "சிங்கப்பூரில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்று எழுந்து சொன்னேன். வெளிநாட்டில் இருந்து வந்தவன் சொன்னதால் அந்தச் சொல்லுக்கு எடை கூடிப்போனது. பத்து நாளில் மண் வெட்டும் இயந்திரம் மூன்று முடக்கையும் வெட்டி, புளியமரத்தில் இருந்து பாலம் வரை ஒரே கோடாக இழுத்துவிட்டது. நானும் நின்று கைதட்டினேன். அப்பத்தா அப்போது இல்லை.

2009-ல் பீஷானில் இயந்திரங்கள் வந்து நின்றன. நல்ல கான்கிரீட்டை உடைக்கிறார்களே என்று பால்கனியில் நின்று பதறினேன். பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து, 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயை எடுத்துவிட்டு, அதே பூங்காவுக்குள் 3.2 கிலோமீட்டர் நெளிந்து செல்லும் ஆற்றை உண்டாக்கினார்கள். கான்கிரீட்டை நம்பாமல் வேரை நம்பி, கழிக்கட்டு, கல், நாணல் என்று கரைகளைக் கட்டினார்கள். எந்த முறை இந்த மண்ணில் நிற்கும் என்று முதலில் 60 மீட்டர் நீளத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலையில் இறங்கினார்கள். உடைத்த கான்கிரீட்டும் வீணாகவில்லை. பூங்காவுக்குள்ளேயே குன்றாகவும் கல்வரிசையாகவும் நிற்கிறது. 2012 மார்ச்சில் திறந்தார்கள்.

வெள்ளத்துக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாதாரண நாளில் ஆறு சிறு ஓடையாகப் போகிறது. பிள்ளைகள் காலை நனைக்கிறார்கள். பெருமழையில் தண்ணீர் கரையைத் தாண்டிப் புல்வெளியில் ஏறுகிறது. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது வெள்ளம் 100 மீட்டர் அகலம் வரை விரியலாம். கொள்ளளவு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருக்கிறது. தண்ணீர் ஏறும்போது எச்சரிக்கை ஒலி கேட்கும்; எல்லோரும் மேட்டுக்குப் போவார்கள். வடிந்ததும் புல்வெளி திரும்பப் புல்வெளியாகிறது. முதல் பெருமழையில் இதை மேலிருந்து பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. அது படுகை. எங்கள் ஊர்ப் படுகை. பின்னாளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடியேறி ஊரின் செல்லமாகிவிட்டது. நகரின் நடுவில், குட்டிகளோடு.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இன்னும் பெரிய பாடம் நடந்திருக்கிறது. அங்கே 166 கிலோமீட்டர் நெளிந்து ஓடிய கிசிமி ஆற்றை 1962-க்கும் 1971-க்கும் இடையில் 90 கிலோமீட்டர் கால்வாயாக நேராக்கினார்கள். சதுப்பு காய்ந்தது, நீர்ப்பறவைகள் பெரும்பாலும் போய்விட்டன. பிறகு 1999-ல் தொடங்கி 2021 வரை, அதே கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டரை மண்ணிட்டு மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பினார்கள். வெட்ட ஆன காலத்தைவிடத் திருத்த ஆன காலம் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஓய்வு பெற்று 2015-ல் ஊருக்கே வந்துவிட்டேன். முதல் வேலையாக ஊத்து முடக்கைப் பார்க்கப் போனேன். முடக்கு இல்லை. நேராக ஓடும் தண்ணீருக்குத் தூரம் குறைவு. தூரம் குறைந்தால் சரிவு கூடுகிறது. சரிவு கூடினால் வேகம் கூடித் தரையைத் தோண்டுகிறது. இருபது ஆண்டில் ஓடை ஆளுயரப் பள்ளமாகிவிட்டது. பாலத்தின் அடித்தளக் கல் வெளியே தெரிகிறது. வழக்கமான மழையில் படுகைக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை; அங்கே சீமைக்கருவேலம். அதை ஒட்டி ஒரு பக்கம் மஞ்சள் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். ஒரு கார்த்திகை மழையில் ஓடை கொள்ளாமல் பொங்கி, அங்கே கட்டிய நாலு வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அடுத்த சித்திரையில் அதே வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வந்தது.

கிடை போட இடம் தேடி வந்த கீதாரி ஒருவர் சொன்னார்: "முன்னாடி ஆறு வடிஞ்சு மூணு மாசம் ஆட்டுக்குத் தண்ணி கிடைக்கும்ணே. இப்ப காலையில வர்ற தண்ணி பொழுது சாயறதுக்குள்ள போயிருது." இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் எனக்கு விளக்கியதில்லை.

சிங்கப்பூரோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 7.6 கோடி வெள்ளி செலவழித்தார்கள். நம்மிடம் அது இல்லை. அங்கே ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் போலப் பெய்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் சுமார் 900. அதனால்தான் நமக்கு முடக்குகள் கூடுதலாகத் தேவை என்கிறேன். அவர்களுக்கு ஆண்டு முழுவதும் மழை. நமக்கு மூன்று மாத வடகிழக்குப் பருவமழை; அதை ஆண்டு முழுவதும் வைத்துக் குடிக்க வேண்டும். தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு, சருகணியாறு என்று இந்தச் சீமையின் ஆறுகள் எதுவும் வற்றாத ஆறு அல்ல. ஓடும் சில நாட்களில் மண்ணுக்குள் எவ்வளவு விட்டுச்செல்கின்றனவோ அவ்வளவுதான் நமக்கு. அவ்வளவு பணமும் நமக்கு வேண்டியதில்லை. எங்கள் ஓடையில் உடைக்கக் கான்கிரீட் கிடையாது. வெட்டிப் போட்ட மண் கரையிலேயே கிடக்கிறது. நேர்வெட்டை அந்த மண்ணால் அடைத்து, பழைய முடக்குகளைத் திறந்து, கரையில் நாணலும் வெட்டிவேரும் தாழையும் வைத்தால் மீதியை வெள்ளமே செய்துகொள்ளும். படுகையில் இனி மனை போடக்கூடாது. ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு மேட்டில் இடம் கொடுத்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். அவர்கள் ஏமாந்து வாங்கியவர்கள்.

போன மாதம் கிராம நிர்வாக அலுவலகத்தில் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று முடக்கும் அதில் அப்படியே இருக்கின்றன. ஊத்து முடக்கு இன்றும் ஓடைப் புறம்போக்கு; யார் பெயரிலும் பட்டா இல்லை. இயந்திரம் வெட்டியது நிலத்தை மட்டும்தான்.

கிராம சபை மார்ச் 22-ம் தேதி, உலகத் தண்ணீர் நாளில் கூடும். அன்று தீர்மானமாகக் கொண்டுவர, அந்த வரைபடத்தின் நகலோடு மனு எழுதி வைத்திருக்கிறேன். 1996-ல் எழுந்து பேசிய அதே ஊரில், அன்று சொன்னது தவறு என்றும் சொல்வேன். உங்கள் ஊர் ஓடையைத் தூர்வார ஆணை வந்தால், இயந்திரம் இறங்குவதற்கு முன் கிராம வரைபடத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் ஓடை நெளிந்திருந்தால், நெளிந்தபடியே தூர்வாரச் சொல்லுங்கள்.