கையை விடுங்க சார்

போன வியாழக்கிழமை பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்தார். விட்டபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அதற்குள் அவருடைய மருமகன் ஓசூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட மனையின் நீள அகலம், பட்டா, வில்லங்கம், பக்கத்து மனைக்காரனின் யோக்கியதை எல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னும் போர் போடவில்லையாம். தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்கிற கட்டம் வந்ததும் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கதையில் அழுத்தம் வரவேண்டிய இடம் அது.

அன்றைக்குக் காலை ஆறு மணி ஷிஃப்டில் டயாலிசிஸ் முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தேன். ஊசி பிடுங்கிய இரண்டு இடத்திலும் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா? "அடடா, என்ன சார் ஆச்சு?" என்று இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்திருப்பார்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது பந்தைப் பற்றி. ஃபிஸ்டுலா ஆபரேஷன் முடிந்ததும் ஒரு பந்தை வாங்கி அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். எந்தப் பந்து உருப்படியானது, எது ஏமாற்று என்பதில் எனக்கு ஐந்து வருஷ அனுபவம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும். அதற்கு வருகிறேன்.

முதலில் கை. நான் பிறவி இடதுகைக்காரன். பள்ளிக்கூடத்தில் அந்தக் கைக்காக வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. பழக்கமில்லாத கையில்தான் ஃபிஸ்டுலா வைப்பார்கள் என்பதால் எனக்கு வலது கையில் வைத்தார்கள். அப்பாவும் மூன்று வாத்தியார்களும் சேர்ந்து சாதிக்க முடியாததை ஒரு சர்ஜன் சாதித்தார்: என் வலது கைக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது. ஆனால் நம் ஊரில் எவன் வந்தாலும் வலது கையைத்தான் பிடிக்கிறான்.

மணிக்கட்டுக்கு மேலே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள், அவ்வளவுதான் ஃபிஸ்டுலா. அதுவரை ஒரே தெருவில் குடியிருந்தும் முகம் பார்க்காத இரண்டு பேர். தமனியின் வேகம் சிரைக்குள் பாயப் பாய, சிரை ஆறு எட்டு வாரத்தில் தடித்து ஊசிக்குத் தயாராகும். ஊசி என்றால் காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி இல்லை. கோணி ஊசிக்குச் சித்தப்பா பிள்ளை. ஒவ்வொரு தடவையும் இரண்டு. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் திரும்ப வரும். நிமிஷத்துக்கு 300 மில்லி, நாலு மணி நேரம், கணக்குப் போட்டால் 72 லிட்டர். உடம்பில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர்தான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரே பஸ் திரும்பத் திரும்ப வருவதுபோல அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது.

அந்த இடத்தில் விரல் வைத்தால் கை முணுமுணுக்கும். மடியில் தூங்குகிற பூனை மாதிரி. இதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கிற பெயர் 'த்ரில்'. ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் வந்து "த்ரில் இருக்கா?" என்று கேட்டார். "அறுபது வயசுல என்ன டாக்டர் த்ரில்" என்றேன். அதிலிருந்து அவர் என்னிடம் கேள்வியே கேட்பதில்லை.

அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது. ரத்தம் எடுக்கக் கூடாது. வாட்ச் கட்டக் கூடாது. காய்கறிப் பையை முழங்கையில் மாட்டக் கூடாது. தலைக்கு அணை கொடுத்துத் தூங்கக் கூடாது. எங்கள் சென்டரில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு ராத்திரி அப்படித் தூங்கிவிட்டு, காலையில் தொட்டுப் பார்த்தால் பூனை இல்லை. கழுத்தில் குழாயோடு இரண்டு மாதம் வந்துபோனார். அதிலிருந்து நான் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை விழித்துக் கையைக் காதில் வைத்துக் கேட்கிறேன். ஓடுகிறது. திரும்பப் படுக்கிறேன். நாலு மணிக்கு மறுபடி. இப்படிக் காவல் காத்த கையைத்தான் ஒருவர் ஓசூர் மனைக்காக இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

இந்த ஃபிஸ்டுலாவைக் கையில் வைத்தது அமெரிக்காக்காரன் வேலை. 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்கிற டாக்டர், டெஃப்லான் குழாயைத் தோலுக்கு வெளியே நிரந்தரமாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். அந்தக் குழாயோடு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டை யாராவது கடந்திருந்தால், குழாய் ஒரு பஸ்ஸிலும் ஆள் இன்னொரு பஸ்ஸிலும் போயிருப்பார்கள். பிறகு 1966இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ முதலான நாலு பேர் இந்த உள் இணைப்பைப் பற்றி எழுதினார்கள். சிமினோ மாணவராக இருந்தபோது ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். சிரை கிடைக்காத கஷ்டம் தெரிந்தவர். எல்லாம் சரி. ஆனால் அவர்கள் ஊரில் ஒருத்தன் கையைக் குலுக்கினால் மூன்று குலுக்கில் திருப்பிக் கொடுத்துவிடுவான். அந்த நாலு பேரும் ஒரே ஒரு வாரம் இங்கே வந்து மார்க்கெட்டில் நின்றிருந்தால், சத்தியமாக முதுகில்தான் வைத்திருப்பார்கள்.

பந்து. வந்துவிட்டேன். அதற்கு முன்னால் இந்தப் பிடிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இன்று சாப்பாடு இறங்காது.

பேச்சை ஆரம்பிக்கும்போது ஒரு பிடி. "கேளுங்க" என்று முழங்கையில் ஓர் இழுப்பு. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், என் காது முழங்கையில் இல்லை. அடுத்தது ஓரமாகக் கூட்டிப் போகிற பிடி. மணிக்கட்டைப் பற்றி, ஜனங்களை விலக்கி, இரண்டு கடை தள்ளி நிறுத்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார்: "தக்காளி மறுபடி ஏறிடுச்சு." முற்றுப்புள்ளிக்குப் பதிலாகக் கையை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கால்புள்ளிக்கும் அமுக்குகிற ஒரு சம்பந்தி எனக்கு உண்டு; அவர் இலக்கண சுத்தமாகப் பேசுகிறவர், அதுதான் ஆபத்து. சிரிப்பு வந்தால் கையில் அடிப்பவர்கள் தனி ஜாதி. நாம் சொன்ன ஜோக்குக்கு அடித்தால் போகட்டும் என்று விடலாம், அவர்கள் சொன்ன ஜோக்குக்கும் நம் கையில்தான் அடிக்கிறார்கள். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் மேலே கம்பி இருக்கிறது, பக்கத்தில் சீட்டு இருக்கிறது, நடுவில் என் கை இருக்கிறது. ஜனங்களுக்கு எது முதலில் தெரிகிறது என்று சொல்லத் தேவையில்லை. ரோட்டைக் கடக்கும்போது முன்பின் தெரியாத பெரியம்மா ஒருத்தர் "இரு தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையில் இறக்கிவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கரையில் வேலையே இல்லை. செப்டம்பர் 8, மாதா தேர் அன்று பஸிலிகா பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். அன்றைக்கு எது யார் கை என்று மாதாவுக்கே தெரியாது.

எல்லாவற்றிலும் கொடியது விடைபெறுகிற பிடி. "சரி, வர்றேன்." கை விடவில்லை. "வீட்ல கேட்டதாச் சொல்லுங்க." விடவில்லை. "அப்புறம்?" இந்த 'அப்புறம்' இருக்கிறதே, இதற்கு உலகத்தில் எந்த பாஷையிலும் பதில் கிடையாது. "அப்புறம் என்ன, அவ்வளவுதான்" என்கிறோம். "அவ்வளவுதான்" என்று அவரும் ஒத்துக்கொள்கிறார். கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சென்டரில் ஊசி எடுத்த பிறகு எங்கள் சிஸ்டர் அந்த இடத்தை இரண்டே விரலால் பத்து நிமிஷம் பிடிப்பார். ரத்தம் வெளியே வராத அளவுக்கு அழுத்தம், உள்ளே ஓட்டம் நிற்காத அளவுக்குத் தயவு. அதற்கு அவர் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்திருக்கிறார். இவர்கள் ஐந்து விரலோடு பிறந்ததே போதும் என்று நினைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நாடி வைத்தியர் வந்திருந்தார். நான் சுதாரிப்பதற்குள் வலது கையை இழுத்து மூன்று விரலை வைத்துவிட்டார். ஆணுக்கு வலது கைதானே. வாதம், பித்தம், கபம் என்று ஒவ்வொன்றாக வரவேண்டிய இடத்தில் மூன்றும் மோட்டார் சைக்கிளில் டிரிபிள்ஸ் வந்ததுபோல இருந்திருக்கும். அவர் முகம் வெளுத்தது. விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "தண்ணி நிறையக் குடிங்க" என்றார். ஒரு நாளைக்கு எனக்கு அனுமதி, சாம்பாரும் காபியும் சேர்த்து ஒரு லிட்டருக்குள்.

வைத்தியம் சொல்வதில் நம்மவர்கள் யாரும் குறைந்தவர்கள் இல்லை. கிட்னி என்று வாயெடுத்தால் வாழைத்தண்டு. கல்லுக்கும் வாழைத்தண்டு, கல்லே இல்லாத எனக்கும் வாழைத்தண்டு. அதிலிருக்கிற பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றால், "அது இங்கிலீஷ் மருந்தோட சைடு எஃபெக்ட்" என்கிறார்கள். அடுத்த கேள்வி நிச்சயம்: "எம்.ஜி.ஆருக்கே மாத்தினாங்களே, நீங்க மாத்திக்கலையா?" ஸ்கூட்டர் டயர் மாதிரி. 1984இல் புரூக்ளினில் அவருக்கு மாற்றினார்கள், உண்மைதான். கொடுத்தவர் அண்ணன் மகள். எனக்கு அண்ணன் கிடையாது. இருக்கிற தம்பியின் மகன், கேட்ட சார்ஜரைக் கொடுக்கவே மூன்று நாள் எடுத்துக்கொண்டான்.

ஆக, வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பின்னால் ஒரு சந்தில் எம்ப்ராய்டரி மிஷின் வைத்திருக்கும் பாயிடம் போய், முழுக்கைச் சட்டையின் வலது கையில் 'தொடாதே' என்று தைத்துத் தரச் சொன்னேன். "எந்த பாஷைல சார்?" என்றார். நியாயமான கேள்வி. சிவாஜிநகரில் தமிழ், உருது, கன்னடம், இங்கிலீஷ் நாலும் வேண்டும். "அப்போ கன்னடம் அறுபது பர்சென்ட் வரணும் சார்" என்றார். 2024இல் கடைப் பலகைகளுக்கு வந்த சட்டம். என் கை கடையில்லை என்றேன். "போறவர்றவங்க எல்லாரும் தொடறாங்கன்னா கடைதானே சார்?" டேப்பை வைத்து அளந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்னடத்துக்கு ஒதுக்கி, உருதுவையும் இங்கிலீஷையும் ஓரங்கட்டிய பிறகு, தமிழுக்கு மிச்சமானது 'தொ'.

எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வேறு. கடைசியில் கன்னடம் மட்டும் போதும் என்றேன். 'முட்டபேடி.' கன்னடத்தில் முட்டு என்றால் தொடுவது. தமிழில் இதை மாட்டிடம்தான் சொல்வோம். யோசித்துப் பார்த்ததில் அதுவும் பொருத்தமாகவே பட்டது. சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சட்டையில் சிவப்பு எழுத்து பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், மடித்த பேப்பரும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு வாகாகத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"டகாரத்துக்குக் கீழே ஒத்து விட்டுட்டான் குரு. ஸ்பெல்லிங் தப்பு" என்றார். எழுத்து இரட்டிக்கக் கன்னடத்தில் கீழே போடுகிற அந்த ஒத்து எங்கே வரவேண்டும் என்று கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் காட்டினார். சரியாகப் பூனை படுத்திருக்கிற இடம்.

சட்டென்று விரலை எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"போன் வருது பாருங்க," என்றார், "எடுத்துப் பேசுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."