காமன் ஃபோல்டரில் உரிமைப் பேறு: கும்மிடிப்பூண்டி வழக்கு

ஆலையின் காமன் ஃபோல்டரில் உரிமை ஏறுமேயன்றி இறங்காது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலை. பெயர் விடப்பட்டது, பக்கத்து ஆலையின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருள் மாறாது.

முதலில் முன்னோர் மொழிந்தவை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் வளர்த்த யூனிக்ஸ், மாந்தரை உடையவர், குழுவினர், பிறர் என மூன்றாகப் பகுக்கும். (தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணத்தார் மகிழ்ந்துகொள்ளலாம்.) படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் பெற்றவர் 7. மூவகையாருக்கும் வாரி வழங்கி 777 ஆக்கினால் கோப்பு தெருவுக்கு வந்துவிட்டது என்க. விண்டோஸில் இந்தக் கணக்கும் வேண்டாம். 'எவ்ரிஒன்' பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கட்டத்தில் ஒரு டிக். ஆனால் ஷேருக்குத் தனி உரிமை, ஃபோல்டருக்குத் தனி உரிமை உண்டு. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் கறாரானதே செல்லும். ஐ.டி. தம்பி ஒன்றைத் தளர்த்துவார், கோப்பு திறக்காது. சலித்துப்போய் இரண்டையும் தளர்த்துவார். உரிமை ஏறும் முதல் படி இது.

இரண்டாம் படி மின்சார ரயிலில் நிகழ்கிறது. வண்டி பொன்னேரி தாண்டும்போது ஐ.டி. தம்பிக்கு டிஸ்பாட்ச் இன்சார்ஜின் போன்.

"தம்பி, லாரி லோடாகி நிக்குது. ஃபைல் ரீட் ஒன்லின்னு வருது."

"வந்து பாக்குறேன் சார்."

"நீ வர்ற வரைக்கும் டிரைவர் நிப்பானா? பாஸ்வேர்டைச் சொல்லுப்பா."

அவர் சொல்கிறார். மறுமுனையில் காதில் சரியாக விழாததால் எழுத்தெழுத்தாக உரக்கச் சொல்கிறார். கவரைப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்க அட்மின் ஆகிவிடுகிறது. "அப்புறம் மாத்திடணும் சார்" என்பதையும் மறக்காமல் சொல்கிறார். அப்புறம் என்ற அந்த நாள் ஆலைக் காலண்டரில் அச்சாவதில்லை.

1962இல் அமெரிக்க எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை அன்று) ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்தார். பாவம், எவ்வளவு உழைப்பு! இங்கே அது மானிட்டரின் கீழ் விளிம்பில், செல்லோ டேப்புக்கு அடியில், படிக்கும் நிலையில் இருக்கிறது.

துணிபுக்குத் தலையாய சான்று ஸ்டோர்ஸ் உதவியாளர் ஒருவர். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டார். ஐ.டி. கார்டையும் ஹெல்மெட்டையும் ஒப்படைத்தார், நோ டியூ வாங்கினார். லாகினை மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லா ஃபோல்டரும் அதில்தான் திறக்கும் என்பதால் ஷிப்டுக்கு ஷிப்டு கைமாறி வருகிறது. இன்றும் நள்ளிரவில் ஸ்டாக் எக்செல்லைத் திறப்பவருக்கு, கோப்பு அந்த உதவியாளரின் பயன்பாட்டில் இருப்பதாகப் பதில் வருகிறது. அதே நேரம் அவர் ஸ்ரீசிட்டியில் பஞ்ச் அடித்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குரிய இரவு ஷிப்டுப் படியை எந்தக் கம்பெனி தர வேண்டும் என்பது மேலாய்வுக்கு உரியது.