ஆபுத்திரனுக்கு ஒரு நேரசூசி

கார்த்திகை பிறந்து சில நாட்களே கழிந்த ஒரு பிற்பகலில், வாடைக் காற்று கடலைக் கிளறிக்கொண்டிருந்தபடியால் நயினாதீவுக்குப் போக வேண்டிய வள்ளம் புறப்படாமல் கட்டிக் கிடக்க, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலுள்ள தேநீர்க்கடை வாங்கிலே இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் கொழும்பிலே அரசாங்கத் திணைக்களமொன்றில் கணக்காளராய் இருந்து இளைப்பாறி ஊர் திரும்பியவர். அவர் மடியில் நான்கு நிற மையால் கோடிட்ட கொப்பி ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் இருந்தன. மற்றவர் நயினாதீவிலே இரண்டு தலைமுறைக்கு எழுத்தறிவித்து, இப்போது கோவிலிலே புராணத்துக்குப் பயன் சொல்லிவரும் சட்டம்பியார். அவர் கையில் புழுக்கொடியற் சரை இருந்தது.

சட்டம்பியார்: தம்பி, நானும் வந்த நேரந்தொட்டுப் பார்க்கிறேன், நீர் எழுதுகிறீர், அழிக்கிறீர், அடிமட்டம் வைத்துக் கோடு போடுகிறீர், பின்பு பெருமூச்சு விடுகிறீர். காணி விவகாரமோ, கலியாணச் செலவோ?

கணக்காளர்: இரண்டுமில்லை, சட்டம்பியார். வாசிப்பு விவகாரம். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன்: நான் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்து வெகு காலமாகிவிட்டது. எடுத்தால் நாலாம் பக்கத்திலே கண் நின்றுவிடுகிறது; ஐந்தாம் பக்கத்திலே கை தன்பாட்டிற் கைப்பேசியைத் தேடுகிறது; ஆறாம் பக்கம் என்று ஒன்று இருப்பதாக அச்சகத்தார் சொல்லித்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இது வாசிப்பு மந்தம். இதைப் போக்குவதற்காக வருகிற டிசெம்பர் மாசம் முழுவதையும் வாசிப்புக்கென்றே ஒதுக்கிச் சங்கற்பம் செய்திருக்கிறேன்.

சட்டம்பியார்: மந்தமென்றால் பட்டினி போடுவதல்லவோ வைத்தியம்? நீர் விருந்துக்கு இலை போடுகிறீர். அதுவுமிருக்க, தேசிய வாசிப்பு மாதம் என்று அரசாங்கமே ஒக்டோபரை ஒதுக்கித் தந்திருக்கிறதே. அப்போது ஏன் வாசிக்கவில்லை?

கணக்காளர்: எப்படி வாசிப்பது? அந்த மாசம் முழுவதும் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் வாசிப்பின் மகத்துவத்தைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தேன். ஓரிடத்திற் பேச்சுப் போட்டிக்கு நடுவர், ஓரிடத்திற் பிரதம விருந்தினர், ஓரிடத்திற் பொன்னாடை. வாசிப்பின் பொருட்டு நான் செய்த தியாகங்களிலே தலையானது, வாசிக்காமல் இருந்தது.

சட்டம்பியார்: மகத்தான தியாகந்தான். நல்லது, கொப்பியைக் காட்டும். ஐந்து நிரல்கள் கீறியிருக்கிறீர்: திகதி, நூல், பக்கம், நிறைவு, உணர்ச்சி. இந்த ஐந்தாவது எனக்கு விளங்கவில்லை.

கணக்காளர்: ஒவ்வொரு நூலும் எழுப்ப வேண்டிய உணர்ச்சியை முன்கூட்டியே பதிந்து வைத்தால், வாசித்த பின்பு அது எழுந்ததா, எழவில்லையா என்று சரிபார்க்கலாம். இதோ, இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணி தொடக்கம் 5 மணி வரையும் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’. சனங்கள் இடம்பெயர்ந்துபோக வெறுமையாய்க் கிடந்த நமது தீவுகளைப் பாடிய நூல் என்றபடியால், உணர்ச்சி நிரலிலே ‘உருகுதல்’ என்று எழுதியிருக்கிறேன். 5 மணிக்குத் தேத்தண்ணி.

சட்டம்பியார்: அரை மணித்தியாலத்திலேயே உருகி முடிந்துவிட்டால்?

கணக்காளர்: மிகுதி நேரத்தை அடுத்த நூலின் கணக்குக்கு மாற்றலாம், அதற்கு ஏற்பாடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகள் மு. தளையசிங்கத்துக்கு. இதே புங்குடுதீவில் வாழ்ந்து, 1973இல் நாற்பது வயது நிரம்புமுன்பே மறைந்த அந்த மனிதர், ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ என்று எழுதியவற்றோடு அமையாது, ஊர்க் கிணற்றிலே சகல சாதியாரும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று முன்னின்று போராடி அடியும் பட்டவர். ஆகையால் உணர்ச்சி, ‘கொந்தளிப்பு’. 8 தொடக்கம் 9 வரை.

சட்டம்பியார்: 9 மணிக்குப் பின்பு?

கணக்காளர்: நித்திரை.

சட்டம்பியார்: கொந்தளித்தவுடன் நித்திரை வருமென்று உறுதியாய் நம்பும் உமது மனத்திடத்தை நான் மெச்சுகிறேன். இருக்கட்டும்; நூல்களை எதைக் கொண்டு தெரிந்தெடுத்தீர்?

கணக்காளர்: தீவக மண்ணோடு தொடர்புள்ளவை என்பது முதலாவது நியமம், வகுத்தால் மிச்சம் வராதவை என்பது இரண்டாவது. முதலிலே கந்தபுராணத்தை எண்ணினேன். 10,345 செய்யுள், மாசத்தை முப்பது நாளாக வைத்து, முதல் இருபத்தொன்பது நாளும் நாளொன்றுக்கு 345 வீதம் போனால், முப்பதாம் நாளுக்கு 340 வருகிறது. ஐந்து செய்யுள் உதைத்தபடியால் நூலையே நீக்கிவிட்டேன்.

சட்டம்பியார்: கச்சியப்ப சிவாசாரியர் இன்னும் ஐந்து செய்யுள் பாடாமற் போனதற்கு அவரை நீர் மன்னிக்கத்தான் வேண்டும். அந்தப் புராணத்தை நமது கோவில்களிலே, ஒருவர் செய்யுளை இராகத்தோடு பதம் பிரித்துப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, சூரன் மடிகிற படலமும் தெய்வயானையாரின் திருமணமும் வருகிற நாட்களைத் திருவிழாவாகவே கொண்டாடி, மாசக்கணக்கிலே ஊரார் கூடியிருந்து கேட்டுவந்த வழக்கத்திலே, எத்தனை செய்யுள் மிச்சம் என்று கேட்டவரை நான் கண்டதில்லை.

கணக்காளர்: தூங்கினவரைக் கண்டிருப்பீர்களே?

சட்டம்பியார்: கண்டிருக்கிறேன். கேட்பவர் தூங்கலாம், படிப்பவரும் பயன் சொல்லுபவரும் தூங்கலாகாது என்பதே மரபு. வீட்டிலே நீர் தனியே வாசிக்கும்போது மூவரும் நீரே என்றபடியால், கேட்பவர் தூங்க மற்ற இருவரும் கூடவே விழுந்துவிடுகிறார்கள்.

கணக்காளர்: (கொப்பியிற் குறித்துக்கொண்டு) நோய்க் காரணம், ஒன்று. சொல்லுங்கள்.

சட்டம்பியார்: எழுதிக்கொள்ளும். கந்தபுராணத்தை நீக்கியபின்பு எதனைக் கண்டடைந்தீர்?

கணக்காளர்: மணிமேகலையை! அதைப்போலத் திட்டத்துக்கு இசைந்த காவியம் வேறில்லை. சரியாக முப்பது காதை. தொடக்கத்திலுள்ள பதிகத்தையும் சேர்த்தால் முப்பத்தொன்று. டிசெம்பருக்கும் முப்பத்தொரு நாள். சாத்தனார் மாச வாசிப்பை மனத்திற்கொண்டே பாடினார் என்பது என் துணிபு. போதாக்குறைக்கு, மணிபல்லவம் நமது நயினாதீவே என்று அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். அம்மன் கோவில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். 1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலுக்கு மூன்று பதிப்புகள் என்னிடம் உள்ளன.

சட்டம்பியார்: மூன்றிலும் வாசித்தது?

கணக்காளர்: முன்னுரை. மூன்று முன்னுரைகளும் சிறப்பானவை.

சட்டம்பியார்: அப்படியானால் நானே சொல்லுகிறேன். ஆபுத்திரன் என்பவன்...

கணக்காளர்: ஐயோ, வேண்டாம், சட்டம்பியார்! அவனுடைய வரலாறு முடிவது 14ஆம் காதையில். பதிகம் முதலாந் திகதிக்கு உரியதென்றபடியால் அது டிசெம்பர் 15ஆந் திகதிக்கு விழுகிறது. இன்றைக்கே கேட்டுவிட்டேனானால் அந்த நாள் வெறுமையாகிவிடும். நிரலிலே ‘வியப்பு’ என்றும் எழுதிவிட்டேன்.

சட்டம்பியார்: வியப்பை அழித்துவிட்டுக் கேளும், உம்மிடம் இறப்பர் இருக்கிறதே. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைச் சிந்தாதேவி கையிலே பெற்ற ஆபுத்திரன், பாண்டி நாட்டிலே மழை பெய்து வளம் மலிந்து, உண்பதற்கு ஒருவருமே வராமற் போனபடியால், பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். வழியிலே காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்திலே ஒரு நாள் தங்க, அவன் கரையிறங்கினான். இறங்கினவன் திரும்ப ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமி இரவிலே பாய் விரித்துப் போய்விட்டான். உலகம் முழுவதுக்கும் சோறிடத் தக்க பாத்திரம் கையிலிருக்க, ஊட்டுவதற்கு ஓர் உயிரும் இல்லாத தீவிலே தனித்து நின்ற அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, தானும் உண்ணாதிருந்து உயிர் துறந்தான். பாத்திரத்திலே குறையா, தம்பி? சோற்றிலே குறையா?

கணக்காளர்: இல்லை. உண்பவர் தொகையிற் குறை.

சட்டம்பியார்: உமது அலமாரியிலும் அதே குறைதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்களை நெருப்புத் தின்றபோது, இனிமேல் நமது சனங்கள் எதை வாசிப்பார்கள் என்று நாங்கள் கலங்கினோம். 2003இல் நூலகமும் திரும்பத் திறந்தது. 2005 தொடக்கம் நமது பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம நூலகத்தார் படம்பிடித்து, உமது கைப்பேசிக்குள்ளேயே வந்து சேரும்படி செய்து வைத்திருக்கிறார்கள். புத்தகம் கிடைக்காத காலத்திலே கையெழுத்துப் பிரதி பண்ணியாவது படித்த ஊரிலே, கிடைக்கிற காலத்தில் நீர் கொப்பிக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறீர் என்றால், குறை புத்தகத்தில் இல்லை.

கணக்காளர்: முன்பு சனசமூக நிலையத்து வாசிகசாலையிலே ஒரு பத்திரிகை வரும், ஒருவர் உரக்க வாசிப்பார், பத்துப் பேர் அதை மறுப்பார்கள். மறுப்பதற்காகவே நான் ஓடி ஓடிப் புத்தகம் வாசித்த காலம் அது. அந்தப் பத்துப் பேரில் இருவர் காலமாகிவிட்டார்கள். மற்றவர்கள் தொரொன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும். இப்போது அவர்கள் புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். நான் கைகூப்பும் படமொன்றைத் திருப்பி அனுப்புகிறேன். அத்தோடு இலக்கிய விசாரம் நிறைவுறுகிறது.

சட்டம்பியார்: அந்தப் பத்துப் பேருடைய இடத்தை நிரப்புவதற்குத்தான் ஐந்து நிரல்களோ?

கணக்காளர்: அப்படிச் சொல்லி என் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கரம்பொன்னிலே பிறந்த தனிநாயகம் அடிகளார் ஒழுங்கும் விடாமுயற்சியும் இல்லாமலா உலகமெங்கும் திரிந்து படித்தார்? 1679இல் அச்சான புரொவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டு, 1966இல் அதைக் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டாரே.

சட்டம்பியார்: வெளியிட்டார் என்று நீரே சொல்லுகிறீர். கண்டதைக் கண்ட மாத்திரத்திலே ஊருக்குக் காட்டாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அதற்காகவே சஞ்சிகை நடத்தினார்; அதற்காகவே உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். உமது திட்டத்திலே ‘இதை யாருக்குச் சொல்வது’ என்று ஒரு நிரலாவது உண்டா?

கணக்காளர்: (சற்று மௌனமாயிருந்து) ஆறாவது நிரலுக்குக் கொப்பியில் இடமில்லை. ஆனால், சட்டம்பியார், நெடுநேரமாக என்னைப் பரிசோதிக்கிறீர்கள். நானும் ஒரு கேள்வி கேட்கலாமோ? தாங்கள் கடைசியாக வாசித்த புதுப் புத்தகம் எது?

சட்டம்பியார்: பஞ்சாங்கம். வருஷந்தோறும் புதிது.

கணக்காளர்: அதற்கு முன்பு?

சட்டம்பியார்: போன வருஷத்துப் பஞ்சாங்கம்.

கணக்காளர்: ஆக, நான் பல நூல்களைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காதவன், தாங்கள் சில நூல்களை முடித்து முடித்து வேறொன்றையும் தொடங்காதவர். சென்ற வருஷம் சூரன் போரிலே தாங்கள் சொன்ன பயனையும் உவமையையும் என் தகப்பனார் காலத்திலேயே நான் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் தூங்குவதற்கு அவர்கள் மட்டுமா காரணம்?

சட்டம்பியார்: (புழுக்கொடியலை மெல்லுவதை நிறுத்தி) பல்லுக்கு இது சற்றுக் கடினமாயிருக்கிறது. சரி, தம்பி, ஒரு சமாதானத்துக்கு வருவோம். வருகிற பூரணை கழிய, விநாயகருக்குரிய பெருங்கதை விரதம் தொடங்குகிறது. இருபத்தோரிழைக் காப்புக் கட்டி, இருபத்தொரு நாளும் பிள்ளையார் கதை படிப்போம். படிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கிடக்கிறது. நீர் வந்து படியும். நான் பயன் சொல்லுகிறேன்.

கணக்காளர்: ஒரே கதையை இருபத்தொரு நாள் படித்தால் இருபத்தொரு நூலென்று பதியலாமோ?

சட்டம்பியார்: உமது மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

கணக்காளர்: சம்மதம், ஆனால் எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கோவிலிலே கதை முடிந்தபின்பு தங்கள் வீட்டு விறாந்தையிலே நான் தளையசிங்கத்தின் ‘மெய்யுள்’ வாசிப்பேன். அதற்கும் தாங்களே பயன் சொல்ல வேண்டும். கிணற்றடியிலே அவர் பட்ட அடியை ஊரவர் பேச்சிலே எடுத்தால், அதற்கும் சேர்த்துத்தான்.

சட்டம்பியார்: கிணற்று விஷயத்தையுமா? ஊரவர் முன்னிலையிலா?

கணக்காளர்: கேட்பவர் இல்லாமல் வாசிப்பில்லை என்று சாதித்தவர் தாங்களல்லவோ?

சட்டம்பியார்: அது உண்மைதான்... தம்பி, அந்தப் புத்தகம் எத்தனை பக்கம்?

கணக்காளர்: பக்கம் எண்ணுவதைப் பரிகாசம் செய்தவர் கேட்கிற கேள்வியா இது?

சட்டம்பியார்: வாசிப்பவன் எண்ணலாகாது; பயன் சொல்லுகிறவன் எண்ணித்தான் ஆக வேண்டும். எங்கே, அந்தக் கொப்பியையும் அடிமட்டத்தையும் இப்படித் தாரும். சிவப்பு மை மிச்சம் இருக்கிறதோ?