எழுந்து நில்லுங்கள், அம்மா!

(கேள்வி – பதில்)

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை வேலைதான். இதற்கு மேல் தனியாக உடற்பயிற்சி எதற்கு?
– 62 வயது இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: வேலை உங்களைக் களைக்க வைக்கிறது. பயிற்சி பலம் தரும். தோசைக்கல் முன் ஒரு மணி நேரம் நின்றால் கால் வலிக்கும். ஆனால் தொடைத் தசை வலுக்காது. பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால்தான் தசை வளரும். முப்பது வருடமாக அதே பாத்திரம், அதே துடைப்பம் என்றால் உடம்புக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தவிர, நாள் முழுதும் செய்வது வீட்டுக்கு. பயிற்சிக்கு ஒதுக்கும் அரை மணி நேரம் உங்களுக்கு.

கேள்வி: சுகருக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்? சுகர் சாப்பாட்டால்தானே வருகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: நெல் விளையும் ஊர்க்காரர் நீங்கள், நெற்குதிர் கொண்டே சொல்கிறேன். சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பங்கை வாங்கிச் சேமிக்கும் குதிர், நம் தசை. குதிரின் கதவைத் திறந்துவிடும் கை, இன்சுலின். வயது ஏற ஏறத் தசை கரைகிறது, குதிர் சிறுத்துப்போகிறது. வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேரக் கதவு இறுகுகிறது. விளைச்சல் மட்டும் அதே அளவு வந்துகொண்டிருந்தால், மிஞ்சிய நெல் முற்றத்தில்தான் கொட்டிக்கிடக்கும். ரத்தத்தில் சுகர் ஏறுவது இப்படித்தான்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. தசை வேலை செய்யும்போது, இன்சுலின் வந்து திறக்கும்வரை காத்திருக்காமல் தானே ஒரு பக்கக் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் அந்தக் கதவுகள் இளகியே இருக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள்.

கேள்வி: ஐம்பது வயதுவரை எனக்குத் தொப்பையே கிடையாது. சாப்பாடும் மாறவில்லை. இப்போது மட்டும் ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு, வயிற்றுக்குள் இடம்பிடிக்கத் தொடங்குகிறது. சுகரையும் பிபியையும் கூட்டிக்கொண்டு வருவது இந்தக் கொழுப்புதான். இது உங்கள் குற்றமில்லை. குற்ற உணர்ச்சியோடு பட்டினி கிடக்காதீர்கள். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். பயிற்சியைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் 46 கிலோ. ஒல்லியான எனக்கும் இந்த அறிவுரை வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கட்டாயம் வேண்டும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வெளியிட்டார். அதில் அவரும் அவருடைய பிரிட்டிஷ் நண்பரும் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் 22.3. உடம்புக் கொழுப்போ நண்பருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! தராசு எடையைச் சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று சொல்லாது. தையல் டேப்பை எடுங்கள். இடுப்பு 80 சென்டிமீட்டரை (சுமார் முப்பத்தொன்றரை அங்குலம்) எட்டியிருந்தால், ஒல்லியானவருக்கும் எச்சரிக்கை மணிதான்.

கேள்வி: இடுப்பைத் தவிர வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, வேலூர்

பதில்: இன்னும் நான்கு. வெறும் வயிற்றில் சுகர் 100க்குக் கீழே, பிபி 130/85க்குக் கீழே, ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழே, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 50க்குக் குறையாமல். இடுப்பையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று பிசகினாலே ‘வளர்சிதை மாற்றக் கோளாறு’ என்று பெயர். ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகக் கூச்சம். வீட்டிலேயே என்ன செய்யலாம்?
– 66 வயது வாசகி, மதுரை

பதில்: ஒரு நாற்காலி, ஒரு சுவர், சமையல் மேடை, ஒரு துணிப்பை. இவை போதும்.

ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழக் கூடாது. மெதுவாக இறங்கும்போதும் தொடை நன்றாக உழைக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். சுவரை ஒட்டிப் போடுங்கள்.

இரண்டு: சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கிச் சாய்ந்து மீண்டும் தள்ளுவது.

மூன்று: மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது.

நான்கு: துணிப்பையில் ஒரு கிலோ பருப்பு பாக்கெட் போட்டு, முழங்கையை மடக்கித் தூக்குவது. பழகியதும் இரண்டு பாக்கெட்.

ஐந்து: மேடைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பது. பத்து விநாடியில் தொடங்குங்கள். விழாமல் காப்பது இதுதான்.

முதல் நான்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாக முடிந்தால் அடுத்த வாரம் சுமையைக் கூட்டுங்கள். பலம் கொடுத்துத் தூக்கும்போதும் எழும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பிபி சட்டென ஏறும். புடவையோ நைட்டியோ, கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும்.

கேள்வி: என் பலம் எவ்வளவு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முடியும், முப்பதே விநாடியில். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுகிறீர்கள் என்று பேரப்பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். பெண்களுக்கு 60–64 வயதில் 12க்குக் கீழே, 65–69இல் 11க்குக் கீழே, 70–79இல் 10க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்மானம் என்றார் டாக்டர். பேசாமல் உட்கார்ந்திருப்பதுதானே நல்லது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும். அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் தலையில் விழும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். அடுத்து மற்றக் கால். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலி நீடித்தாலோ வீங்கினாலோ குறைத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

கேள்வி: தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்கிறான் என் மகன்.
– வாசகி, தாம்பரம்

பதில்: அன்பு மகன்தான். ஆனால் அந்தப் பத்தாயிரம் மருத்துவர் எழுதிய கணக்கில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை ஆராய்ந்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இப்போது நடப்பதைவிட ஆயிரம் அடி கூட்டுங்கள். அதுவே நல்ல தொடக்கம்.

கேள்வி: சாப்பிட்டதும் நடக்கலாமா, படுக்கலாமா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: நடக்கலாம். அறுபது வயது தாண்டியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2013இல் வெளியானது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்ததற்கு இணையாக அன்றைய சுகரைக் கட்டுப்படுத்தியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகரை அடக்குவதிலோ அதையும் மிஞ்சியது. வாசலிலிருந்து கொல்லைவரை போய்வந்தாலும் நடைதான்.

கேள்வி: மாலை முழுதும் சீரியல். அதை விட முடியாது!
– வாசகி, சேலம்

பதில்: விட வேண்டாம். விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து இரண்டு நிமிடம் கூடத்தில் நடங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எழுந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் குறைவதை 2012இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

கேள்வி: யோகா செய்கிறேன். போதாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உடலின் சமநிலைக்கும் மூட்டின் இளக்கத்துக்கும் அருமையானது, விடாதீர்கள். அதோடு வாரம் இரண்டு நாள் சுமையும், மூச்சு வாங்கும் நடையும் சேரட்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

கேள்வி: எனக்கு 78. இனிமேலா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்களுக்கு மூத்தவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயதுவரையிலான பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தசைக்கு வயது கணக்கில்லை. வேலை கொடுத்தால் பதில் சொல்லும்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் ஊர் உடம்புக்குப் பலிக்குமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: நம் சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். அமெரிக்காவில் 2002இல் வெளியான இதே போன்ற ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் அதிகம் பலன் பெற்றவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

கேள்வி: நான் இன்சுலின் போடுகிறேன். பயிற்சியின்போது மயக்கம் வருமோ என்று பயம்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்திச் சோதியுங்கள். சுகர் 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கவோ தலையைத் தாழ்த்தவோ கூடாது. பாதத்தைத் தினம் பாருங்கள். நெஞ்சு வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அத்தை இரவில் ரசம் சாதம் மட்டும்தான் சாப்பிடுகிறார். பயிற்சி செய்தால் பலம் வருமா?
– மருமகள், புதுக்கோட்டை

பதில்: கொத்தனார் வந்துவிட்டார், செங்கல் வரவில்லை என்கிற நிலை. முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் கணக்கில் புரதம் வேண்டும். 55 கிலோ என்றால் 55 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவு. சாதத்தைக் குறைத்து, குழைய வேகவைத்த பருப்பு, சுண்டல், தயிர் என்று வேளைக்கு ஒன்றாகச் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு.

கேள்வி: கிராமத்தில் தனியாக இருக்கிறேன். பிசியோதெரபிக்கு எங்கே போவது?
– வாசகி, ஊத்தங்கரை அருகே

பதில்: 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். பிபி, சுகர் மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையையும் வீடு தேடிக் கொண்டுவரும் திட்டம் அது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மனைவிக்குப் பயிற்சி செய்ய ஆசை. நான் எப்படி உதவலாம்?
– 70 வயது வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் “ஒரு காபி…” என்று குரல் கொடுக்காதீர்கள். நாற்பது வருடமாக உங்கள் மாத்திரை நேரத்தை அவர் மறந்ததில்லை. அவருடைய பயிற்சி நேரத்தை இனி நீங்கள் மறக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை நாளில் பலன் தெரியும்?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: சாப்பிட்ட பின் நடந்தால் அன்றைக்கே குளுக்கோமீட்டரில் தெரியலாம். கால் பலம் கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம். மூன்று மாத சராசரி சுகர் மாற மூன்று மாதம். ஆனால் உங்களுக்கு முதலில் தெரியப்போகும் இடம் வாசல்தான். குனிந்து கோலம் போட்டு முடித்து, சுவரையும் பிடிக்காமல், யாரையும் கூப்பிடாமல் ஒரு நாள் காலையில் நிமிர்ந்து நிற்பீர்கள். அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.