இருவர் போகும் டெம்ஸ்டர் சாலை

கேள்வி: நண்பனோடு கனடாவின் டெம்ஸ்டர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போக ஆசை. முதலில் எதைத் திட்டமிடுவது?

பதில்: திரும்பி வருவதை! டாசன் நகருக்குப் பக்கத்தில் தொடங்கி இனுவிக் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் சரளைக்கல் சாலை. பாதி வழியில், சுமார் 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் பிளெய்ன்ஸ் வரும்வரை நடுவே பெட்ரோல் கிடையாது. பெரும்பாலான தூரம் செல்போனும் ஊமை. அதனால் உதிரி டயர் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ‘ஜூனில் அங்கே இருட்டவே செய்யாதே, இரவிலும் ஓட்டலாமே’ என்பீர்கள். வெளிச்சம் கண்ணுக்குத்தான் உதவும், களைப்புக்கு அல்ல. வழியில் வரும் பீல், மெக்கன்சி ஆறுகளைக் கோடையில் வண்டிப் படகிலும், குளிர்காலத்தில் உறைந்த பனி மேலும் கடக்கலாம். பனி உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டுமே இல்லை. மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். எந்த நிலையில் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடியுங்கள்: ஒருவர் ‘போதும்’ என்றால் மற்றவர் வாதாடாமல் வண்டியைத் திருப்ப வேண்டும்.