துணையிரவுக் கோட்பாடு: அறிவியல் திகில் தொடர்களும் பிள்ளைகளின் தகுதியும்

அறிவியல் திகில் தொடர் ஒன்றைப் பிள்ளை பார்க்கலாமா என்ற கேள்வி, அந்தத் தொடரைப் பெரியவர் பார்க்க ஆசைப்படும் வீட்டில்தான் எழுகிறது. மற்ற வீடுகளில் ரிமோட் வேறு கையில் இருக்கும், சீரியல் ஓடும், கேள்விக்கே வேலையில்லை. ஆகவே இந்தப் பொருளைக் குழந்தை வளர்ப்பில் சேர்ப்பதா, பெரியவர்களின் பொழுதுபோக்கில் சேர்ப்பதா என்பது ஆய்வாளர் சந்திக்கும் முதல் சிக்கல். இரண்டாவதற்கே வலு அதிகம் என்பது போகப்போகத் தெளிவாகும்.

ஆய்வுக்களம் விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டிய செட்டியார்பட்டிப் பேரூராட்சி. நைட்டி தைப்புக்குப் பேர்போன வட்டாரம் இது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதிலிருந்து மலைப்பக்கம் புலி இருப்பது அரசே ஒப்புக்கொண்ட செய்தியாகிவிட்டது. பயப்படுவதற்கு உள்ளூரிலேயே இவ்வளவு சரக்கு இருக்கும்போது வேற்றுலகத்திலிருந்து இறக்குமதி செய்வானேன் என்று கேட்கலாம். ஆனால் இறக்குமதிச் சரக்குக்கு உள்ள மவுசு எல்லாத் துறையிலும் உள்ளதுதான்.

தகுதியை வயதால் அளக்கலாம் என்பது சட்டத்தின் நிலை. இந்தியத் திரைப்படத் தணிக்கையில் 1983இல் யு/ஏ என்ற இடைநிலைச் சான்றிதழ் வந்தது. 12 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோர் துணையுடன் பார்க்கலாம் என்பது அதன் பொருள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கு இதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தன. 2024இல் திரையரங்குப் படங்களுக்கும் அதே பிரிவு வந்தது. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி இருக்க வேண்டும் என்பது ஓடிடி விதி. வசதி இருக்கிறது. ஆனால் டிவியில் அதை அமைத்துத் தந்தது பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளையே. நான்கு இலக்க எண்ணும் அதன் ஞாபகத்தில் மட்டுமே இருக்கும். அப்பா ஏதாவது பார்க்க வேண்டுமானால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வயது என்பது நிலையான அளவு என்று சட்டம் கருதுவதில் இன்னொரு கோளாறும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 2022 முதல் 5 வயது வரை டிக்கெட் இல்லை, அதற்குமேல் 12 வரை அரை டிக்கெட். இராஜபாளையம் பேருந்தில் ஏறும்போது நாலரை வயதாக இருக்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்து டிவி முன் உட்காரும்போது ஏழு முடிந்ததாகிவிடும். அண்ணனுக்கோ கண்டக்டர் முன் பதினொன்று, ரிமோட் முன் பதினாறு. ஒரே நாளில் ஐந்து ஆண்டு ஏறி இறங்கும் ஒன்றை அளவுகோலாக வைத்து எந்த விஞ்ஞானமும் நடந்ததில்லை.

இதைவிட நம்பகமான சோதனை தமிழ்நாட்டில் முன்பே இருந்தது. பிறப்புச் சான்றிதழ் புழக்கத்துக்கு வராத காலத்தில், பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் காதை எட்டினால் ஒன்றாம் வகுப்பு. எட்டாவிட்டால் அடுத்த வருசம் வா. கை நீளத்துக்கும் அரிச்சுவடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. சோதனை எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் ஊர் அதை ஏற்றுக்கொண்டது. திகில் தொடருக்கும் இதையே நீட்டிக்கலாம் என்று ஒரு தரப்பு உண்டு. இரண்டு கையாலும் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கத் தெரிந்த பிள்ளை தகுதி பெற்றது என்பது இவர்கள் வாதம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. திகிலில் பெரும்பங்கு சத்தத்தில்தான் இருக்கிறது. ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட பூதமும் வழி தவறி வந்த ஆள் மாதிரித்தான் தெரியும். தையல் மிஷின் ஓடும் வீடுகளில் இந்த நன்மை தானாகவே கிடைக்கிறது. பேய் எவ்வளவு உறுமினாலும் ஓவர்லாக் மிஷின் அதை மிஞ்சிவிடும்.

பிரிட்டனில் 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் டாலெக் இயந்திரங்களைக் கண்டு பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள் என்பது அந்நாட்டில் இன்றும் வழங்கும் பேச்சு. செட்டியார்பட்டி வீட்டில் சோபா இருந்தாலும் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். அதற்குப் பின்னால் பல்லிதான் போக முடியும். இங்கே அந்த வேலையைச் செய்வது வெட்டி அடுக்கிய நைட்டித் துணி மூட்டை. சோபாவைவிட இது ஒருபடி மேல். தலையை மறைத்துக்கொண்டு, இரண்டு துணிக்கு நடுவே விரல் விட்டு இடுக்கு உண்டாக்கி, அதன் வழியே முழுத் தொடரையும் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை என்று சத்தியமும் செய்யலாம்.

மேலைநாட்டில் இதைப் பற்றி உருப்படியாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோன் கேன்டர். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உருவத்தைப் பார்த்துப் பயப்படும், மூத்த பிள்ளை நடக்கக்கூடியதை நினைத்துப் பயப்படும் என்பது அவரும் அவருடைய குழுவினரும் 1980களில் கண்டவற்றின் சாரம். ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ தொடரைக் காட்டியபோது, சாதுவான மனிதர் பச்சை ராட்சசனாக மாறும் இடத்தில்தான் சின்னப் பிள்ளைகள் அதிகம் மிரண்டன. அவன் நல்லவன், காப்பாற்றவே வருகிறான் என்பது மூத்த பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது, பயம் குறைந்தது.

இந்தச் சோதனையைச் செட்டியார்பட்டி வட்டாரத்தில் மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தத் தக்க காரணம் இருக்கிறது. இங்குள்ள பிள்ளை இடுப்பில் இருக்கும்போதே கோயில் பொங்கலில் சாமியாடிகளைப் பார்த்துவிடுகிறது. காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா, சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்டதும் கண் சிவந்து, குரல் மாறி, கையில் அரிவாளோடு குதிக்கிறார். அம்மா அவரைக் கும்பிட்டு விபூதி வாங்குகிறாள். அரை மணி நேரம் கழித்து அவரே கோயில் திண்ணையில் உட்கார்ந்து சோடா குடிக்கிறார். மனிதன் வேறொன்றாக மாறுவதும் மறுபடி மனிதனாவதும் இங்கே வருசாந்திர நிகழ்ச்சி. ஹல்க்கைப் பார்த்ததும் இந்தப் பிள்ளை மிரளுமா, அல்லது யாராவது போய் விபூதி வாங்கவில்லையே என்று பதறுமா என்பது திறந்த கேள்வி.

கேன்டர் குழுவின் இன்னோர் ஆய்வு பெற்றோருக்கு அவ்வளவாகச் சாதகமில்லை. 1983 நவம்பர் 20 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி டே ஆஃப்டர்’ என்ற அணுகுண்டுப் போர்ப் படம் ஒளிபரப்பாகுமுன் பிள்ளைகளைப் பற்றி நாடே கவலைப்பட்டது. ஒளிபரப்பான பின் விசாரித்தால், சின்னப் பிள்ளைகள் பெரிதாகக் கலங்கவில்லை. பதின்வயதினர் கலங்கினார்கள், பெற்றோர் அவர்களைவிட அதிகமாகக் கலங்கினார்கள். அணுகுண்டுப் படத்துக்கு அப்பாவுக்குத்தான் இன்னும் வயது வரவில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

தமிழில் முன்னுதாரணங்கள் குறைவு, ஆனால் வலுவானவை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் வந்தது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், படிக்கும், விவாதம் செய்யும். இராஜபாளையம் நாயின் சொந்த ஊர்க்காரர்களுக்கு அதனிடம் பயம் வர வழியில்லை. புத்தகம் படிக்கிற நாய் ராத்திரியில் வாசலைக் காக்குமா என்ற சந்தேகம் வேண்டுமானால் வந்திருக்கும். உண்மையான பீதியை விளைவித்தது 1990களின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த ‘மர்ம தேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ பகுதியைப் பார்த்த பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். தம் பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இவர்களே. அந்தத் தொடரில் கேட்ட குதிரைக் குளம்புச் சத்தம் எங்காவது கேட்டால் இன்றும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் நடுவர்களின் நடுநிலை குறித்து இங்கு மேலும் எழுதத் தேவையில்லை.

உள்ளூர்ப் பேய்க்கும் அறிவியல் புனைவின் பூதத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பொருளின் மையமானது. உள்ளூர்ப் பேய்க்கு ஒழுங்குமுறை உண்டு. உச்சிப்பொழுது, நடுச்சாமம் என்று அதற்கு வேலை நேரம் இருக்கிறது. புளியமரம், பாழுங்கிணறு என்று முகவரி இருக்கிறது. இரும்பைக் கண்டால் ஒதுங்கும், விளக்குமாற்றுக்கு அஞ்சும், வேப்பிலைக்கு இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் எல்லையில் கருப்பசாமி காவலுக்கு நிற்கிறார். பயந்த பிள்ளைக்குத் தண்ணீர் மந்திரித்துத் தெளித்து, கறுப்புக் கயிறு கட்டினால் விவகாரம் முடிந்தது. அறிவியல் பூதத்துக்கு இப்படி எந்தப் பரிகாரமும் சொல்லப்படுவதில்லை. 2016இல் வெளியாகத் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பூமிக்கு மறுபக்கம் போல இன்னோர் உலகம் இருக்கிறது. பூ விரிவதுபோல் முகம் திறக்கும் ஒரு ஜந்து சுவரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. “அதுல சின்னப் பசங்கதானே நடிச்சிருக்காங்க” என்று சொல்லித்தான் பிள்ளைகள் அனுமதி வாங்குகிறார்கள். சின்னப் பிள்ளைகள் நடித்தது என்பதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்தது என்பதற்கும் உள்ள தூரத்தைப் பெற்றோர் முதல் எபிசோடின் பாதியில் உணர்கிறார்கள். மறுஉலகில் மாட்டிக்கொண்ட பையன் வீட்டு விளக்குகளை மினுக்கித் தாயோடு பேசுவது அந்தத் தொடரின் உயிரான காட்சி. சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் தானாக மினுக்கும் தெருவில் இதன் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

“எம்மா, அந்த ஜந்துவுக்கு விபூதி வேலை செய்யுமா?” என்று பிள்ளை கேட்கும் இடத்தில் இறையியல் சிக்கல் தொடங்குகிறது. எல்லைத் தெய்வத்தின் அதிகாரம் நான்கு திசைக்கும் வரையறுக்கப்பட்டது. ஊருக்கு நேர்கீழே இருக்கும் இன்னோர் ஊர் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பது பற்றிப் பூசாரிகளிடமும் முன்தீர்ப்பு இல்லை. “எல்லாத்துக்கும் செய்யும், படு” என்பதே நடைமுறையில் உள்ள விடை. சின்னப் பிள்ளைக்கு விளக்கம் பயன்படாது, பிடித்துக்கொள்ள ஏதாவதும் தின்ன ஏதாவதும் கொடுப்பதே பயன்படும் என்று கேன்டரும் எழுதியிருக்கிறார். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை.

மேற்கண்ட அளவைகள் எல்லாம் தொடர் முடிந்து விளக்கணைக்கும் வரைதான் செல்லும். பிள்ளையின் தகுதி உண்மையில் வெளிப்படுவது அதற்குப் பின், ராத்திரி ஒரு மணி சுமாருக்கு, பின்வருமாறு:

“எம்மா… தூங்கிட்டியா?”

“ம்… என்ன?”

“ஒன்னுக்கு வருது.”

“லைட்டப் போட்டுட்டுப் போயிட்டு வா.”

“நீயும் வாம்மா.”

கக்கூஸ் வீட்டுக்குப் பின்புறம் தனியாக இருக்கும் வீட்டில் இது சிறு பயணம். சுவிட்ச் வெளியே, தாழ்ப்பாள் உள்ளே. கதவைச் சாத்தினால் பயம், சாத்தாவிட்டால் வெட்கம். ஆகவே கதவு ஒரு சாண் திறந்திருக்கும். “அங்கயே நில்லு. பேசிக்கிட்டே இரு” என்று உள்ளிருந்து உத்தரவு வரும். என்ன பேசுவது என்று சொல்லப்படுவதில்லை. நாளைக்கு எத்தனை பீஸ் தைத்துக் கொடுக்க வேண்டும், நூல் எவ்வளவு மீதி, சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா என்று தூக்கக் கலக்கத்தில் தாய் கணக்குச் சொல்லிக்கொண்டே நிற்பாள். பேச்சு நின்றால் உள்ளிருந்து “எம்மா?” என்று குரல் வரும்.

ஒரு எபிசோடு இப்படி எத்தனை இரவுகளை விளைவிக்கிறதோ அதுவே அதன் உண்மையான மதிப்பீடு. இதைத் துணையிரவு என்ற அலகால் குறிக்கலாம். துணை போகிறவர் எத்தனை துணையிரவு தாங்குவாரோ அதற்கு உட்பட்ட தொடரைப் பிள்ளை பார்க்கலாம். தகுதி பிள்ளையிடம் இல்லை, துணை போகிறவரிடம்தான் இருக்கிறது. தொடரை ஆசைப்பட்டுப் போடுபவர் அப்பா, துணை போகிறவர் அம்மா என்ற வேலைப்பிரிவினைதான் இந்தத் துறையில் இதுவரை வந்த தவறான முடிவுகளுக்கெல்லாம் மூலம். போட்டவரே துணை போக வேண்டும் என்று விதி வந்தால் தணிக்கை வாரியத்தின் வேலை பாதியாகக் குறையும். அண்ணன் துணை போகும் வீடுகளில் கட்டணம் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு கை சாத்தூர் சேவு. பாதி வழியில் விட்டுவிட்டு ஓடிவரும் உரிமையை அவன் தன்னிடமே வைத்துக்கொள்வான்.

இரண்டாவது பிள்ளை இந்தச் சோதனைகள் எதற்கும் உட்படுவதில்லை. ஒரே ஹால் உள்ள வீட்டில் மூத்ததற்கு அனுமதி கிடைக்கும் அன்றே இளையதற்கும் கிடைத்துவிடும், அது தொட்டிலில் இருந்தாலும் சரி.

செல்போன் வந்தபின் முன்அனுமதி என்ற கட்டமே பல வீடுகளில் காணாமல் போய்விட்டது. போர்வைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பிள்ளை என்ன பார்க்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நடுராத்திரியில் “எம்மா, தூங்கிட்டியா?” என்று குரல் வந்தபிறகுதான் விசாரணை தொடங்கும். “என்னடா பார்த்த?” என்ற கேள்விக்கு எப்போதும் “ஒண்ணும் பார்க்கல” என்றுதான் பதில் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பின்கதவைத் திறக்க வேண்டியதுதான்.