‘நம்ம பசங்கதான்’: மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்போர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒருவருக்கு மென்பொருள் வேண்டும். இன்னொருவர் மென்பொருள் எழுதுவார். இவ்விருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, தாம் ஒரு வரி நிரலும் எழுதாமல், ஒரு ரூபாயும் முதல் போடாமல், விலையில் பத்தில் ஒரு பங்கை மனத்துக்குள் செலவழித்துக்கொண்டே வீடு திரும்பும் மூன்றாமவரே இவ்வாய்வின் பொருள். நிறுவனம் அச்சடிக்கும் ஒப்பந்தத்தில் இவர் ‘ரெஃபரல் பார்ட்னர்’. வாடிக்கையாளரின் வாயில் இவர் ‘தெரிஞ்சவர்’.

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. அங்கே ஆள் பிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2000இல் தரமணியிலும் 2010இல் கோவையிலும் டைடல் பார்க் திறக்கப்பட்டது வரலாறு. ஆனால் நம் களம் அவற்றின் நிழல் விழும் இடம். சரவணம்பட்டியில், பீளமேட்டில், மதுரையில், நெல்லையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் அவை. அங்கு விற்பனைப் பிரிவு என்று தனியாக எதுவும் கிடையாது. முதலாளியின் செல்போன்தான் அந்தப் பிரிவு. ஆகவே ஆள் பிடிக்கும் பொறுப்பு சமுதாயத்திடம் விடப்பட்டிருக்கிறது.

2. முன்னோர்

தமிழில் இத்துறை இளையது என்போர் பத்துப்பாட்டைப் புரட்டாதவர்கள். அத்தொகையின் பத்து நூல்களில் ஐந்து ஆற்றுப்படை. பெற்றுத் திரும்பும் ஒருவன், பெறாதவனைக் கண்டு, இன்னாரிடம் போ என்று வழி சொல்வது அதன் அமைப்பு. ஆக, தொகையில் சரிபாதி ரெஃபரல் இலக்கியம். எனினும் அன்றைக்கும் இன்றைக்கும் நான்கு வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது: அன்று வழி சொன்னவன் தான் பெற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான். இன்று சொல்பவர் அந்நிறுவனம் செய்த எதையும் திறந்துகூடப் பார்த்ததில்லை. இரண்டாவது: அங்கே போனவன் வாங்கி வந்தான், இங்கே போகிறவர் கொடுத்து வருகிறார். மூன்றாவது: மலைபடுகடாத்தில் நன்னனிடம் அனுப்பப்படும் கூத்தனுக்கு வழியிலுள்ள பாம்பும் பன்றிப் பொறியும் வழுக்குப் பாறையும் ஒவ்வொன்றாக எச்சரிக்கப்படுகின்றன. இன்றைய வழிகாட்டி, “ரெண்டே மாசம், கையில கொடுத்துருவாங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நான்காவது: ஆள் அனுப்பியதற்காக நன்னனிடம் யாரும் பத்து சதவீதம் கேட்டதாக நூலில் இல்லை.

கமிஷன் என்ற கூறு மாட்டுச் சந்தை வழியாக வந்திருக்க வேண்டும். அங்கே தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரியாது. அந்த மறைவு இன்றுவரை இத்தொழிலில் காப்பாற்றப்பட்டு வருகிறது. ஆனால் சந்தையில் வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு: பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். மென்பொருளுக்குப் பல் கிடையாது. ‘டெமோ’ என்ற பெயரில் நடக்கவிட்டுக் காட்டப்படுவது, வேறு யாருக்கோ விற்றுப்போன மாடு.

மூன்றாவது மரபு கடல் கடந்தது. 1985இல் ஐவன் மைஸ்னர் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ அமைப்பு, ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவரே என்று வரையறுத்து, வாரந்தோறும் கூடி ஒருவருக்கொருவர் ஆள் காட்டும் வழக்கத்தை முறைப்படுத்தியது. அங்கே கொடுப்பவனுக்குத் தானே வரும் என்பது கொள்கை. நம் ஆய்வுப் பொருள் அவ்வளவு காலம் காத்திருக்கச் சம்மதிப்பதில்லை.

3. வகைகள்

அ. மச்சான். வாடிக்கையாளரின் மனைவியுடன் பிறந்தவர். ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு பிரிவில் இருக்கிறார். ‘ஐடியில் இருக்கிறார்’ என்ற ஒரே தகுதியில் குடும்பத்தின் கணினி விவகாரம் அனைத்தும், பிரிண்டரில் சிக்கிய தாள் உட்பட, இவர் பொறுப்பு.

ஆ. ஆடிட்டர். எவரிடம் பணம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே வகை. ஒரு சொல் போதும். “டேலி மட்டும் போதாதுங்க, இனிமே ஈஆர்பி போட்டுருங்க” என்று இவர் சொன்னால் பனியன் கம்பெனி முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார்.

இ. முன்னாள் ஊழியர். அந்நிறுவனத்தில் வேலை பார்த்து விலகியவர். உள்ளே நடப்பது தெரியும், தெரிந்தும் பரிந்துரைக்கிறார். இவரைப் பற்றி உளவியல் துறையினர்தாம் ஆராய வேண்டும்.

ஈ. நடைப்பயிற்சி நண்பர். மைதானத்தை மூன்று சுற்று சுற்றுவதற்குள் லாரி ஆபீஸ்காரருக்கு ஜிபிஎஸ் ஆப் தேவை என்பதை அவருக்கே புரியவைத்துவிடுவார். எண்ணிக்கையில் பெருகிவரும் வகை இது.

நான்கு வகையினரும் கூசாமல் சொல்லும் ஒரே வாக்கியம், “நம்ம பசங்கதான், பார்த்துப் பண்ணிக் கொடுப்பாங்க.” அந்தப் பசங்களை அவர்கள் இரண்டு முறைக்கு மேல் பார்த்ததில்லை.

4. நிகழ்முறை

வாடிக்கையாளரின் தேவை எப்போதும் ஒன்றே: “அமேசான் மாதிரி ஒண்ணு, ஆனா சிம்பிளா.” பட்டாசுக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். அவரும் இதையே கேட்பார். வழிகாட்டி அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார். ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது. அதனால்தான் பட்டாசுத் தளங்கள் பலவற்றில் பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்த பிறகு, பணம் கட்டும் பக்கத்துக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ என்றோ ‘விசாரணை’ என்றோ ஒரு பொத்தான் வந்து நிற்கிறது. மீதிப் பேச்சு போனில். அமேசானாகத் தொடங்கியது விலைப்பட்டியலாக முடிகிறது. விலை இறங்குகிறது. அதன் பத்து சதவீதமும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, இறங்குகிறது.

அடுத்த இடர் நிறுவனத்தின் பக்கம். பெயரையும் எண்ணையும் அனுப்பிய மறுநாள் பதில் வரும்: “இந்த லீட் ஏற்கெனவே எங்க சிஸ்டத்துல இருக்குங்க அண்ணா.” அந்தச் சிஸ்டம் எது என்று வெளியாள் பார்த்ததில்லை. பிறருக்கு அவர்கள் செய்து தந்த மென்பொருள்களில் எதுவும் இவ்வளவு விரைவாகவும் துல்லியமாகவும் பதில் சொன்னதில்லை.

5. சட்டமும் கணக்கும்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 219, தனி உடன்பாடு இல்லாத நிலையில், ஏஜென்ட் மேற்கொண்ட செயல் முடிந்த பின்னரே அவருக்கான ஊதியம் கொடுபடத்தக்கதாகும் என்கிறது. 1872இல் செயல்கள் முடிந்தன. கப்பல் வந்தது, மூட்டை இறங்கியது, ஏஜென்ட் கூலி வாங்கிக்கொண்டார். மென்பொருள் முடிவதில்லை. ‘கோ-லைவ்’ என்று கேக் வெட்டும் நாளில்தான் புகார்களே தொடங்குகின்றன.

ஆள் காட்டியதோடு தம் செயல் முடிந்தது என்பது வழிகாட்டியின் வாதம். வாடிக்கையாளரின் கடைசித் தவணை கைக்கு வந்தால்தான் முடிந்தது என்பது நிறுவனத்தின் வாதம். கடைசித் தவணையோ, “ஒரு சின்ன சேஞ்ச்தாங்க, அத மட்டும் முடிச்சுட்டு வாங்கிக்குங்க” என்ற இடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

எண்ணில் பார்ப்போம். வேலை 5 லட்ச ரூபாய். பத்து சதவீதம் 50,000. கடைசித் தவணையான ஒரு லட்சம் வரவில்லை எனக் கொண்டால், கமிஷன் 40,000. இனி வருமான வரி. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இவருக்காகவே 194எச் என்றொரு பிரிவை வைத்திருந்தது. அதன் பிடித்தம் 2024 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவின் எண்ணை மாற்றியது; பிடித்தத்தை விட்டுவைத்தது. அதற்கு 800 போக, கைக்கு 39,200. பான் எண் கொடுக்காதவருக்குப் பிடித்தம் 20 சதவீதம். அவருக்கு 32,000. வாடிக்கையாளரை நிறுவனத்துக்கு அழைத்துச் சென்ற பெட்ரோலும், இரு தரப்பையும் சமாதானம் செய்ய வாங்கிய காபியும் இதில் சேரா.

6. பழி மாறிலி

பணம் இவ்வாறு படிப்படியாகத் தேய, தேயாத அளவு ஒன்று உண்டு. சர்வர் படுத்தாலும், ஓடிபி வராவிட்டாலும், கல்லாவில் இருக்கும் பெண் பாஸ்வேர்டை மறந்தாலும், வாடிக்கையாளர் நிறுவனத்தை அழைப்பதில்லை. “மாப்ள, நீ சொன்னியேன்னுதான் கொடுத்தேன்” என்று கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கு முன், இவரிடம் சொல்கிறார். அதே வாரம் நிறுவனமும் அழைக்கிறது: “அண்ணா, உங்க ஆளு பேமென்ட் இழுக்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா.”

இரு தரப்புக்கும் இவர் ‘உங்க ஆளு’ பக்கத்து மனிதர். வாடிக்கையாளர் தரும் பழி நூறு சதவீதம். நிறுவனம் தருவதும் நூறு. கூட்டுத்தொகை இருநூறு வருவது கணக்குப் பிழையன்று. விற்கப்பட்டது மென்பொருளும் அன்று, முகவரியும் அன்று. உறவினரிடத்தில் இவர் வைத்திருந்த பேச்சு மதிப்பு. நிறுவனம் கமிஷன் தந்து வாங்குவது அதைத்தான், அதுவும் ஒரே தவணையில் முழுதாக.

7. ஒரு மாற்றுக் கருதுகோள்

கமிஷனை மறைப்பதே பழிக்குக் காரணம், வெளிப்படையாகச் சொன்னால் பழி குறையும் என்று அறவியலார் வாதிடக்கூடும். சோதித்துப் பார்க்க எளிய கூற்றுதான். “எனக்கு இதுல பத்து பர்சன்ட் வரும்” என்று வாடிக்கையாளரிடம் நேரே சொல்லிவிட வேண்டும். அவர் தயங்குவதே இல்லை: “அப்ப அந்தப் பத்த எனக்குக் குறைச்சுக்கச் சொல்லுங்க.” குறைக்கப்படுகிறது. மென்பொருள் வருகிறது. ஓடிபி வரவில்லை. பந்தியில் அதே வாக்கியம். மறைத்தவருக்குப் பணமும் பழியும். சொன்னவருக்குப் பழி மட்டும். வாய்மைக்கும் பழிக்கும் தொடர்பில்லை என்பது இதனால் பெறப்படும்.

8. பரிந்துரைகள்

ஒன்று: கமிஷனைத் தவணைக்குத் தவணை வாங்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க. பிரிவு 219 ‘தனி உடன்பாடு’ என்று வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது, யாரும் நுழைவதில்லை.

இரண்டு: பான் எண்ணைக் கொடுத்துவிடுக. எட்டாயிரத்தை இழந்து மறைந்து திரிவது தகுதிக் குறைவு.

மூன்று: வாங்கப்போகிற தொகையை, விலை முடிவான பிறகு, முன்பணம் கைமாறுவதற்கு முன்பு வெளியிடுக. உண்மை யாருடைய விலையையும் கெடுக்காத ஒரே இடைவெளி அது. சொல்லி முடிக்கப் போதுமான நீளம் உண்டு. பேரம் தொடங்கப் போதாது.

நான்கு: மலைபடுகடாம் முறையைக் கைக்கொள்க. பாம்பை முன்கூட்டியே சொல்க: “ரெண்டு மாசம்னு சொல்வாங்க, ஆறு ஆகும். சேஞ்ச் கேட்டா தனியா காசு கேப்பாங்க. வருஷா வருஷம் ஏஎம்சி வேற கட்டணும்.” இம்முறையில் பழி குறையும் என்றே தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்டது. நடப்பது வேறு. இவ்வளவையும் கேட்ட வாடிக்கையாளர் அஞ்சி, வேறொருவர் காட்டிய வேறு பசங்களிடம் போகிறார். அங்கும் ஆறு மாதம் ஆகிறது, தனிக் காசு கேட்கிறார்கள், ஏஎம்சியும் வருகிறது. அடுத்த கல்யாணப் பந்தியில் அவர் நம்மவரைத் தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்: “ஏன் மாப்ள, நீ அப்பவே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?”

கமிஷன் பூஜ்யம், பழி நூறு. மாறிலி நிறுவப்பட்டது.